காணாமல் போகாத தில்லைநாதன்

விமலேஸ்வரியோடு சேர்ந்திருந்து மர்மத் தொடர் பார்க்கிற அளவு வில்லங்கம் அக்கராயனில் வேறொன்றும் இல்லை. கொலை விழுந்த அன்றைக்கே கொலைகாரனைச் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பாளா என்றால் அதுவும் கிடையாது. எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதை விளம்பரம் ஓடி முடியும் வரை விளக்குவாள்.

"அந்த டிரைவர் ஏன் தேத்தண்ணியைத் தொடேல்லை? கவனிச்சனீங்களே? மனசுக்குள்ள களவு வைச்சிருக்கிறவனுக்குத் தொண்டையால இறங்காது."

சில கிழமை கழித்து அதே டிரைவர் கையில் விலங்கோடு நிற்பான். வந்திருக்கிற சனம் திரையைப் பார்க்காது, விமலேஸ்வரியைத்தான் பார்க்கும். அவள் ஒன்றும் நடக்காததுபோல் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். அந்த நேரத்தில் அவளுக்கு இருக்கிற பெருமையை வீட்டுக் கூரையும் தாங்காது.

வேலையிலும் ஆள் அப்படித்தான். குளத்துக்குக் கீழே உள்ள தன் வயலைத் தானே உழுவாள். தகப்பன் புலோலியிலிருந்து வந்து காடு வெட்டித் திருத்திய காணி அது. இரண்டு சில்லு உழவு மெசினை, சனம் லாண்ட்மாஸ்டர் என்று சொல்வதை, அவள் முதன்முதல் ஓட்டியபோது வாய்க்கால் கட்டில் நின்று சிரித்த ஆம்பிளைகள் இருக்கிறார்கள். இப்போது விதைப்புக் காலம் வந்தால் அதே ஆட்கள் அவளுடைய வாசல் படலையில் நின்று, "அக்கா, எங்கட துண்டையும் ஒருக்கா உழுது தாங்கோவன்" என்று கேட்கிறார்கள். உழுது கொடுப்பாள். ஆனால் அன்றைக்குச் சிரித்தவர்களைக் கடைசியில்தான் போடுவாள். மறக்கிற ஆள் இல்லை அவள்.

அவளுடைய தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் வந்து இருக்கிறவர் அடுத்த வளவு அன்னபாக்கியம். விமலேஸ்வரியைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட. அன்னமக்கா என்றுதான் கூப்பிடுவாள். பிள்ளையார் கோயில் பூசை முடிந்ததும் நேரே இங்கே வந்து, விமலேஸ்வரியின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, யன்னலோரக் கதிரையில் இருந்துகொள்வார். லாண்ட்மாஸ்டர் வரம்பில் சரிந்து விமலேஸ்வரிக்குக் கால் முறிந்த வருசம், அவளைக் குளிக்கவார்த்துத் தலை இழுத்துக் கட்டிச் சோறு தீத்தினவர் அவர்தான். சொந்தத் தங்கச்சி கனடாவிலிருந்து தொலைபேசியில் அழுதாள், அவ்வளவுதான்.

அன்னமக்காவின் ஒரே மகன் நிருஷன், போர் முடிந்த நாட்களில் பதிவுக்கென்று ஆமி நிறுத்திய வரிசையில் நின்றவன். அவனுக்குத் தண்ணீர் எடுத்து வரப் போனவர் திரும்பி வந்து பார்த்தார். வரிசை இருந்தது, பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு அவர் போகாத இடமில்லை, கேட்காத ஆள் இல்லை. மாதம் ஒருநாள் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கூடும்போது மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பார். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்கு இரண்டு கற்பூரம் கொளுத்துவார். ஒன்று நிருஷனுக்கு. மற்றது விமலேஸ்வரியின் புருஷன் தில்லைநாதனுக்கு.

தில்லைநாதனும் காணாமல் போனவர் என்றுதான் ஊரின் எண்ணம்.

அங்கேதான் சிக்கல். தில்லைநாதன் காணாமல் போகவில்லை. வவுனியாவில் சுகமாக இருக்கிறார். அது ஊரில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும், விமலேஸ்வரிக்கும் மகள் வினோஜாவுக்கும்.

போருக்குப் பிறகு இருந்த தறப்பாள் கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்கு மாறிய அடுத்த வருசம் அது. ஒருநாள் காலமை தில்லைநாதன் மெசின் சாமான் வாங்க வவுனியாவுக்குப் போவதாகச் சொல்லி பஸ் ஏறினார். அன்றைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. தொலைபேசி வேலை செய்யவில்லை. விமலேஸ்வரி பதறித்தான் போனாள். பதற்றத்தோடேயே அலுமாரியைத் திறந்து பார்த்தாள். அவர் உடுக்கிற நல்ல சாரம் இரண்டும் இல்லை. சவரச் சாமான் இல்லை. தலை நரைத்ததை ஊருக்குக் காட்டாமல் இருக்க மாதம் தவறாமல் பூசுகிற டை போத்தல், அதுவும் இல்லை.

அலுமாரிக் கதவைப் பிடித்தபடி நின்று யோசித்தாள். ஒரு மனிசனைப் பிடித்துக்கொண்டு போகிறவன், "டை போத்தலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வாரும்" என்று சொல்வானோ?

அவளும் பஸ் ஏறினாள். தில்லைநாதன் போய்வருகிற கடைகளில் விசாரித்து விசாரித்து, ஒடுங்கின ஒரு ஒழுங்கைக்குள் ஆளைக் கண்டாள். வேலிக்கு அங்கால் ஒரு பெண் உடுப்புப் பிழிந்து கொடுக்கக் கொடுக்க, அவர் வாங்கி உதறிக் கொடியில் விரித்துக்கொண்டு நின்றார். தன் வீட்டில் ஒரு துவாயைக்கூட எடுத்து விரிக்காத மனிசன்! அந்தப் பெண்ணைக் கண்டதைவிட அவர் உடுப்பு விரித்ததைக் கண்டதுதான் விமலேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூப்பிடவில்லை, ஏசவில்லை. திரும்பி நடந்தாள். அவர் வாங்கி வருவதாகச் சொன்ன மெசின் சாமானைத் தானே வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள்.

வந்து சொல்வதற்கு வசனம்கூட ஆயத்தமாக வைத்திருந்தாள். படலையைத் திறந்தால் முற்றம் நிறையச் சனம். அவள் இல்லாத நேரத்தில் கதை ஊரைச் சுற்றிவிட்டது. வேறு ஊர் என்றால், ஒரு ஆம்பிளை வீட்டுக்கு வராவிட்டால் எவளோடு போனான் என்றுதான் முதலில் கேட்பார்கள். இங்கே அப்படிக் கேட்க ஒருவருக்கும் வாய் வராது. இந்தச் சனம் பட்ட பாட்டுக்கு, வராத மனிசனுக்கு ஒரே ஒரு காரணம்தான் அவர்களுக்குத் தெரியும். அன்னமக்கா ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. நீ ஒண்டும் சொல்லாத. எனக்குத் தெரியும்."

விமலேஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை. விட்டுவிட்டு ஓடினவனுடைய பெண்சாதி என்றால் சந்தியில் வைத்துச் சிரிப்பார்கள். காணாமல் போனவருடைய மனைவி என்றால் விலகி வழிவிடுவார்கள். வீம்பு பிடித்த மனிசிக்கு அன்றைக்கு அந்த வழி தேவைப்பட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தில்லைநாதனின் பெயரை அவள் எந்தப் பதிவிலும் கொடுத்ததில்லை, அதைக் காட்டி ஒரு உதவியும் வாங்கியதில்லை. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் வயலில் வேலை என்று சொல்லி அனுப்பினாள். பாவம், அவ்வளவு துக்கம் என்று சனம் அதையும் தங்கள் பாட்டில் விளங்கிக்கொண்டது. வினோஜா வளர்ந்து கேட்டபோது மகளுக்கு மட்டும் ஒளிக்காமல் சொன்னாள். தில்லைநாதன் பிறகு பஸ் நிலையத்துக்குக் கிட்டப் பழக்கடை போட்டதையும் வவுனியா மெசின் கடையில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டாள். அவ்வளவோடு விட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் இந்தத் தொடர் வந்தது.

ஒரு பெரிய வீடு. வீட்டு முதலாளி காலையில் நடக்கப் போனவர் திரும்பி வரவில்லை. தம்பிக்குச் சொத்தில் கண். மைத்துனனுக்குப் பழைய பகை. வளவுக்குள் மூடிக் கிடக்கிற கிணறு ஒன்று. ஆளுக்கொரு இரகசியம். முதலாளியின் பெண்சாதி மட்டும் பட்டுச் சேலையோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் அக்கராயனில் பாதிச் சனம் அந்தக் கிணற்றுக்குள்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

தொடங்கிய கொஞ்ச நாளிலேயே விமலேஸ்வரிக்கு விளங்கிவிட்டது. முதலாளியின் அறைச் சுவரில் அவருடைய சின்ன வயதுப் படம் ஒன்று தொங்கியது. அவர் போன பிறகு அந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. கிணற்றுக்குள் விழுகிறவன் சுவரில் கிடந்த படத்தையும் கழற்றிக்கொண்டா விழுவான்? ஆள் தானாகப் போயிருக்கிறார். பெண்சாதிக்கும் அது தெரியும். தெரிந்தபடியால்தான் அந்த மனிசி வாய் திறக்கவில்லை.

"விமலா, சொல்லு பாப்பம். ஆளுக்கு என்ன நடந்தது?" என்று அன்னமக்கா கேட்டார்.

"கிணத்துக்குள்ளதான் அக்கா. தம்பிக்காரன் தள்ளிப்போட்டான்."

வேண்டுமென்றே அவள் பிழையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. தேத்தண்ணி ஊற்றிவிட்டுக் குசினி வாசலில் நின்ற வினோஜா தாயை ஒரு மாதிரிப் பார்த்தாள். சனம் போன பிறகு கேட்டாள்.

"அம்மா, அந்த ஆணியை நானே கண்டுட்டன். நீங்கள் காணேல்லையோ?"

"கண் மங்கீட்டுது."

"ஓம் ஓம். லாண்ட்மாஸ்டர் ஓடேக்க மட்டும் மங்காது."

அதற்குப் பிறகு விமலேஸ்வரி கிணற்றை விடவே இல்லை. கிணற்றடியில் புல் வாடிக் கிடந்தாலும் ஆதாரம், தம்பிக்காரன் கை கழுவினாலும் ஆதாரம். சனம் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது. விமலேஸ்வரி சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

கடைசி வெள்ளிக்கிழமை வீடு கொள்ளாத கூட்டம். கிணற்றைத் தோண்டினார்கள். ஒரு ஓட்டை வாளிதான் வந்தது. முதலாளி தூரத்துக் கடற்கரை ஊரொன்றில் இன்னொரு குடும்பத்தோடு இருந்து சோறு தின்றுகொண்டிருந்தார். பெண்சாதிக்கு அது முதலே தெரியும் என்பதும் வெளியில் வந்தது.

"விமலாக்காவுக்கே பிழைச்சுப் போச்சு!" என்று பின்னால் இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

அன்னமக்கா சிரிக்கவில்லை. "இப்பிடியும் ஒரு மனிசியே? தெரிஞ்சுகொண்டு ஊரை அழவிட்டிருக்கிறாள். தூ!" என்றார். எழும்பிப் போகிறபோது விமலேஸ்வரியின் தோளில் கையை வைத்தார்.

"இஞ்ச பார் விமலா. நாளைக்குக் கிளிநொச்சியில கூட்டம். வெளிநாட்டில இருந்தெல்லாம் படம் பிடிக்க வருகினமாம். நீ வயல் வயலெண்டு வரமாட்டாய், பரவாயில்லை. தில்லைநாதன் தம்பியின்ர படத்தைத் தா. நிருஷனை ஒரு கையில பிடிக்கிறன், அவரை மற்றக் கையில பிடிக்கிறன். விடிய வந்து வாங்கிறன்."

விமலேஸ்வரி தலையை ஆட்டினாள். அன்றைக்கு அவள் நித்திரை கொள்ளவில்லை. வெட்கம் ஒரு பக்கம் கிடக்கட்டும். வவுனியாவில் வாழைப்பழம் விற்கிற மனிசனின் படம் அந்தத் தாய்மாரின் நடுவில் போய் நிற்கப் போகிறது. அவரிடம் பழம் வாங்கின ஒருத்தன் அதைக் கண்டால் காணும், வேறொன்றும் வேண்டாம். உங்கள் பிள்ளைகளும் இப்படித்தான் எங்கேயோ ஒளித்திருக்கிறார்கள் என்று சொல்ல ஆட்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தில்லைநாதனைக் காட்டி அத்தனை பேரின் வாயையும் அடைத்துவிடுவார்கள். படத்தைக் கொடுக்க ஏலாது. கொடுக்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் அன்னமக்கா இந்தப் படலையை இனித் திறக்கமாட்டார். அன்னமக்கா போனால் அவளுக்கு வேறு ஆள் இல்லை. அதை நினைக்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. முறிந்த காலோடு வரம்பில் கிடந்தபோதுகூட அவள் அப்படிப் பயப்படவில்லை.

விடிய அன்னமக்கா போக வெளிக்கிட்ட சேலையோடு வந்தார். விமலேஸ்வரி அவரை இருக்கச் சொல்லிவிட்டு, தான் நின்றுகொண்டாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது.

"படம் தரேலாது அக்கா. அவர் காணாமல் போகேல்லை. வவுனியாவில இருக்கிறார். வேற ஒருத்தியோட இருக்கிறார். எனக்கு முதலே தெரியும்."

அன்னமக்கா கண் வெட்டாமல் பார்த்தார்.

"எப்ப இருந்து தெரியும்?"

"போன உடனயே. நான் தேடிப் போய்க் கண்டனான். நீங்கள் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதீங்களே, அண்டைக்குத்தான் பாத்திட்டு வந்தனான்."

"கண்ணால கண்டனியோ?"

"ஓம்."

"ஆள் கண்ணுக்கு முன்னால நிக்க, கூப்பிடாமல் திரும்பி வந்தனியோ?"

"அக்கா, நான் உங்களுக்குப் பொய்..."

"உன்ர பொய்யைக் கொண்டுபோய்க் குளத்தில போடு!" அன்னமக்கா எழும்பிவிட்டார். அவருடைய குரல் அவ்வளவு உரத்து விமலேஸ்வரி கேட்டதில்லை. "என்னை ஏமாத்தினதை நான் பிறகு பாக்கிறன். உனக்குத் தேடிப் போக ஒரு ஊர் இருந்ததடி. தட்டிறதுக்கு ஒரு படலை இருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பாக்க அங்க ஒரு ஆள் நிண்டது. அதை விட்டிட்டு வந்திருக்கிறாய். எனக்கு அதில ஒண்டு தந்திருந்தால் நான் தவண்டு எண்டாலும் போயிருப்பன்."

அன்னமக்கா நிருஷனின் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை யன்னலோரக் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. புதுத் தொடர் ஒன்று தொடங்கியது. முதல் காட்சியிலேயே ஒரு பிணம். யார் செய்தது என்று சனம் விமலேஸ்வரியைக் கேட்டது. "நான் கவனிக்கேல்லை" என்றாள். வாழ்க்கை முழுக்கத் தனியாகச் சமாளித்தவள்தான், ஆனால் அந்தக் கிழமை முழுக்க அவளுக்கு வீடு பெரிதாகத் தெரிந்தது. அழுகையும் வந்தது, ஒளித்து அழவும் இல்லை. வினோஜா பார்த்துவிட்டு, "போய்க் கதையுங்கோவன் அம்மா" என்றாள். "அவா வந்தால் கதைப்பன். நானாப் போய் நிண்டால் மன்னிக்கச் சொல்லிக் கரைச்சல் குடுக்கிற மாதிரி" என்று மறுத்துவிட்டாள். வீம்பு என்றாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலமை படலை திறந்தது. அன்னமக்கா நல்ல சேலை உடுத்திக்கொண்டு நின்றார்.

"வெளிக்கிடு. வவுனியாவுக்குப் போவம்."

"என்னத்துக்கு அக்கா? அந்த மனிசனோட சண்டை பிடிச்சு என்ன வரப்போகுது?"

"ஆர் சண்டை பிடிக்கிறது? இவ்வளவு காலமாப் படங்களைத் தூக்கிக்கொண்டு நிக்கிறம். போன ஆக்களில ஒருத்தரையும் நான் இன்னும் திரும்பக் காணேல்லை. எனக்கு ஒருத்தரை எண்டாலும் கண்ணால காணவேணும்."

விமலேஸ்வரி சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். கிளிநொச்சிக்குப் போய், அங்கே வவுனியா பஸ் ஏறினார்கள். வழி முழுக்க இருவருக்கும் இடையில் ஒரு கதையும் இல்லை. ஆனால் அன்னமக்கா அவளுக்குப் பக்கத்துச் சீற்றில்தான் இருந்தார்.

பழக்கடையில் தில்லைநாதன் வாழைக்குலையில் சீப்பு வெட்டிக்கொண்டு நின்றார். "என்னம்மா வேணும்?" என்று நிமிர்ந்தவர், முன்னால் நிற்பது அன்னமக்கா என்று கண்டதும் கத்தியைப் பலகையில் வைத்தார். பின்னால் நின்ற விமலேஸ்வரியைக் கண்டதும் முகம் வெளிறிப் போனது. விமலேஸ்வரி பஸ்ஸில் வரும்போது அவருக்குச் சொல்ல நிறைய ஆயத்தப்படுத்திக்கொண்டுதான் வந்தாள். அன்னமக்கா இடம் கொடுக்கவில்லை. கிட்டப் போய்த் தில்லைநாதனின் கையைப் பிடித்தார். முழங்கை வரை தடவினார், நெல் காய்ந்துவிட்டதா என்று அள்ளிப் பார்க்கிற மாதிரி.

"சாப்பிட்டனீரோ தம்பி?"

"ஓம் அக்கா."

"நல்ல சுகமோ?"

"ஓம்."

"அப்ப சரி. சுகமா இரும்."

அவ்வளவுதான் அன்னமக்கா கேட்டது. தில்லைநாதன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். விமலேஸ்வரி ஒரு அடி முன்னுக்கு வைத்தாள்.

"வினோஜா நல்லா இருக்கிறாள். நீங்கள் கேக்கமாட்டீங்கள், அதால நானாச் சொல்லுறன்."

சொல்லிவிட்டு அன்னமக்காவை அழைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அவளுடைய முதுகு நேராகத்தான் இருந்தது. இத்தனை வருசமாக மனத்தில் கிடந்த அந்த மனிசன் இவ்வளவு சின்ன ஆளா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பஸ் வெளிக்கிட்டதும் விமலேஸ்வரி கேட்டாள்.

"என்னில இன்னும் கோவமோ அக்கா?"

"ஓம்."

"அடுத்த கூட்டத்துக்கு நானும் வாறன்."

"நீ என்னத்துக்கு? உன்ர ஆள்தான் இருக்கிறாரே."

"நான் நிருஷனுக்கு வாறன்."

அன்னமக்கா யன்னலுக்கு வெளியே ரோட்டோரக் கடைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கடையிலும் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்தார். மாங்குளம் தாண்டிய பிறகுதான் திரும்பினார்.

"விமலா, என்ர பிள்ளையும் இப்பிடி எங்கையாவது ஒரு கடையில நிண்டால் எனக்கு அது காணும். கலியாணம் கட்டி, பிள்ளை குட்டியோட, என்னை ஒருக்காலும் நினைக்காமல். அம்மா வேண்டாமெண்டு விட்டிட்டு ஓடினவனா இருந்தால் காணுமடி."